ஏலகிரி கைவிட்டால் பெங்களூரு: வேலூர்க்காரர்களுக்கு ஒரு கிராஃப்ட் பீர் பிறந்தநாள் வழிகாட்டி

வேலூரைப் பற்றி ஒரு பழைய சொலவடை உண்டு. மலை இருக்கு மரம் இல்லை, ஆறு இருக்கு தண்ணி இல்லை, கோட்டை இருக்கு ராஜா இல்லை, கோயில் இருக்கு சாமி இல்லை. கடைசி ஒன்றை 1981இல் பொய்யாக்கிவிட்டார்கள். ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். காலியான அந்த இடத்துக்கு என் பங்காக ஒன்று: பார் இருக்கு, கிராஃப்ட் பீர் இல்லை.

வேலைக்கோ படிப்புக்கோ வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் புதிதாக வந்தவர்கள் இதை நம்ப மறுக்கிறார்கள். கைப்பேசியில் தேடுகிறார்கள், ஏதோ ஒரு ஓட்டல் பார் வருகிறது, ஆட்டோ பிடித்துப் போனால் அதே பாட்டில் பீர். கிராஃப்ட் பீர் என்று நான் சொல்வது சின்ன அளவில் அங்கேயே காய்ச்சி, அங்கேயே தொட்டியிலிருந்து குழாய் வழியாக ஊற்றித் தருவதை. தமிழ்நாட்டில் 2003 முதல் மது சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். ஓட்டல் பார்களுக்கும் சரக்கு அங்கிருந்துதான் போக வேண்டும். கடைக்காரரே காய்ச்சி ஊற்றும் ஏற்பாடு வேலூரில் கிடையாது.

ஆகவே இங்கிருந்து கிராஃப்ட் பீரோடு பிறந்தநாள் கொண்டாடுவது என்றால் பயணம்தான். எந்தக் கடை என்பதைவிட எப்படிப் போய் எப்படித் திரும்புவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பிளான் சொதப்பியபோது.

நண்பனின் நாற்பதாவது பிறந்தநாள். ஏலகிரியில் ஒரு தங்கும் விடுதி பேசி வைத்திருந்தோம். பதினாலு கொண்டை ஊசி வளைவு ஏறி, மேலே போய் அடுப்பு மூட்டி, ராத்திரி முழுக்கப் பேசுவதாகத் திட்டம். ஐப்பசி மாதம் அடுப்பு மூட்டத் திட்டம் போட்டது எங்கள் தவறு. முந்தைய நாள் காலை விடுதியிலிருந்து போன்: மழையில் மோட்டார் போய்விட்டது, தண்ணீர் இல்லை, வராதீர்கள். முன்பணத்தைத் திருப்பித் தரப் பத்து நாள் இழுத்தடித்தார்கள் என்பது தனிக்கதை. எட்டுப் பேர் லீவு போட்டாயிற்று. பிறந்தநாள்காரன் மட்டும் அமைதியாக, "டேய், ஒருவாட்டியாவது அந்த பெங்களூரு பீரைக் குடிக்கணும்டா" என்றான். அப்படித்தான் ஆரம்பித்தது.

முதலில் தலைகளை எண்ணுங்கள்

திட்டம் உடைந்தவுடன் எல்லோரும் வாட்ஸப்பில் இடம் தேட ஆரம்பிப்பார்கள். அது இரண்டாவது வேலை. முதல் வேலை, யார் வருகிறார்கள், அதில் யார் குடிப்பார்கள், யார் குடிக்க மாட்டார்கள் என்று எண்ணுவது. மலைக்கு வருகிறேன் என்றவர் எல்லாம் மதுவிடுதிக்கு வரமாட்டார். எங்கள் எட்டு ஆறானது. ஆறில் ஒருவர் மாத்திரை சாப்பிடுகிறவர், குடிப்பதில்லை. அவரை வற்புறுத்தாதீர்கள், "உனக்கென்ன ஜூஸ்தானே" என்று கிண்டலும் வேண்டாம். அந்த ஆறாவது ஆள்தான் பின்னால் உங்களைக் காப்பாற்றப் போகிறவர்.

வயது பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 21 ஆகாதவருக்கு மது விற்கக்கூடாது. பெங்களூரு மதுவிடுதிகளிலும் வாசலில் 21 தானா என்று அடையாள அட்டை கேட்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாகப் போய், ஒருவருக்கு மட்டும் வயது குறைந்து எல்லோரும் திரும்பிய கதைகள் காட்பாடிப் பக்கம் நிறைய உண்டு.

தேதியையும் பாருங்கள். திருவள்ளுவர் நாள், குடியரசு நாள், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர நாள், மீலாது நபி, காந்தி ஜெயந்தி ஆகிய எட்டு நாளும் தமிழ்நாட்டில் கடை மூடல். இதில் தேசிய நாட்கள் கர்நாடகாவிலும் மூடல்தான். அக்டோபர் 2 பிறந்தவர்கள் மூன்றாம் தேதி கொண்டாடப் பழகிக்கொள்ள வேண்டும். கர்நாடகாவில் தேர்தல் நடக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். வாக்குப்பதிவை ஒட்டிய நாட்களில் அங்கே ஒரு சொட்டு கிடைக்காது.

எந்தப் பக்கம் போவது

சென்னை கிட்டே இருக்கிறது, ஆனால் இந்த வேலைக்கு உதவாது. பாண்டிச்சேரியில் கட்டமரான் என்ற பெயரில் காய்ச்சும் இடம் ஒன்று இருக்கிறது. ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வழியாக நூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சம். இரவு தங்கப் போகிறீர்கள் என்றால் அது நல்ல யோசனை, கடலும் கிடைக்கும். ஆனால் தேர்ந்தெடுக்க வேண்டும், ஒன்றிரண்டு இடமாவது பார்க்க வேண்டும் என்றால் பெங்களூருதான். சாலை வழி இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

ரயிலில் போங்கள். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. காட்பாடி ஜங்ஷனைப்போல் வசதியான ஸ்டேஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓசூர் நெரிசலில் கார் ஓட்டுவானேன்? சென்னையிலிருந்து காலையில் கிளம்பும் பிருந்தாவன், டபுள் டெக்கர் மாதிரி வண்டிகளில் ஏறினால் மதியத்துக்கு பெங்களூரு. கடைசி நேரத் திட்டம் என்பதால் டிக்கெட் இருக்காது. தட்கல் முந்தைய நாள் காலை ஏ.சி. வகுப்புக்குப் பத்து மணிக்கும் மற்றதற்குப் பதினொன்றுக்கும் திறக்கும். இப்போது ஆதார் இணைத்த கணக்கு இருந்தால்தான் ஆன்லைனில் தட்கல் போட முடியும். குழுவில் யாரிடம் அப்படிக் கணக்கு இருக்கிறது என்பதை ஒன்பதரைக்கே கேட்டு வையுங்கள். நாங்கள் பத்து ஐந்துக்குக் கேட்டோம். அப்புறம் பதினொரு மணி வகுப்பில்தான் கிடைத்தது.

பெங்களூரு சிட்டி வரை போக வேண்டாம். உங்கள் வண்டி கிருஷ்ணராஜபுரத்தில் நிற்குமானால் அங்கேயே இறங்கிவிடுங்கள். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே மெட்ரோ, ஊதாப் பாதை. மெஜஸ்டிக் பக்கம் போகும் வண்டியில் நாலாவது நிறுத்தம் இந்திரா நகர். அங்கே நூறடி சாலையில் 2010 முதல் நடக்கும், பீரை அங்கேயே காய்ச்சித் தரும் டாயிட் என்ற மதுவிடுதி இருக்கிறது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் மாக்ராத் சாலையில் ஆர்பர். அமெரிக்காவின் மிச்சிகனில் வேர் கொண்ட இடம் அது. எதிர்ப்பக்கம் வொயிட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ். அங்கே ஜாஸ் இசையும் உண்டு, பில்லும் அதற்கேற்ப. முதல் தடவை போகிறவர்களுக்கு இந்திரா நகர் போதும். ஒரே நாளில் மூன்று இடம் பார்க்கிறேன் என்று கிளம்பினால் பாதி நேரம் ஆட்டோவில் போய்விடும்.

கார்தான் என்று பிடிவாதமாக இருந்தால், ஓட்டுகிறவர் குடிக்கக்கூடாது. "ஒரே ஒரு கிளாஸ்" என்ற பேச்சே வேண்டாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். முதல் தடவையே ₹10,000 அபராதம் அல்லது ஆறு மாதம் ஜெயில், இரண்டும் சேர்ந்தும் வரலாம். கார் வழியில் ஒரே ஒரு லாபம் ஆம்பூர். பதினொரு மணிக்குச் சுடச்சுட சீரகச் சம்பா பிரியாணியும் கத்திரிக்காயும் தயாராக இருக்கும். வயிற்றில் அது இருந்தால் பிறகு பீர் கொஞ்சம் மெதுவாக ஏறும், ஏறாமல் இருக்காது.

இடத்துக்குப் போன் போடுங்கள்

சனி, ஞாயிறு மாலையில் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். முடிந்தால் வார நாள், மதியம் இரண்டு மணி வாக்கில் போய் உட்காருங்கள். கூட்டம் இருக்காது, பரிமாறுகிறவருக்குப் பேச நேரம் இருக்கும். போனில் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை பேருக்கு மேசை கிடைக்கும், எத்தனை மணி வரை அந்த மேசை எங்களுக்கு, வெளியிலிருந்து கேக் கொண்டுவரலாமா. மூன்றாவதற்குச் சில இடங்களில் சரி என்பார்கள், சில இடங்களில் தனிக்காசு கேட்பார்கள்.

எங்கள் யோசனையைக் கேட்டால், கேக்கே வேண்டாம். ஆற்காடு மக்கன்பேடா ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போங்கள். கோவா மாவில் பருப்பு வைத்து, பொரித்து, பாகில் போட்ட உருண்டை. க்ரீம் உருகாது, ரயிலில் நசுங்காது. மெழுகுவத்தி குத்த மட்டும் கொஞ்சம் சிரமம், பாகில் நழுவும்.

காசு விஷயம். டாஸ்மாக் விலையை மனதில் வைத்துக்கொண்டு போனால் நெஞ்சு வலிக்கும். பாட்டிலைவிடச் சிறிய கிளாஸுக்கு இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். பில்லில் சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி., பீருக்கு மாநில வரி என்று தனித்தனியாக இருக்கும், குழம்பாதீர்கள். சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு வரி இருந்தால் அது கட்டாயமில்லை. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பரிமாறுகிறவர் நன்றாகக் கவனித்தால் கையில் கொடுத்துவிடுங்கள். பிறந்தநாள்காரன் பங்கை மற்றவர்கள் பிரித்துக்கொள்வதா, அவனே "ட்ரீட்" தருவதா என்பதை ரயிலிலேயே பேசி முடியுங்கள். மேசையில் பேசினால் அசிங்கம்.

என்ன கேட்பது, எப்படிக் குடிப்பது

இதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள், ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நம் ஊரில் பீர் என்றால் ஒரே கேள்வி: "ஸ்ட்ராங்கா, லைட்டா?" ஜில்லென்று இருக்க வேண்டும், சீக்கிரம் ஏற வேண்டும். கிராஃப்ட் பீர் கடையில் இந்த இரண்டு எதிர்பார்ப்பையும் வாசலில் விட்டுவிடுங்கள். அங்கே பெரும்பாலானவை 5 சதவீதம் பக்கம் இருக்கும். நம் ஆட்கள் பழகிய ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் வரை போகும். 650 மில்லி பாட்டில் 8 சதவீதத்தில் 52 மில்லி ஆல்கஹால். அரை லிட்டர் கிளாஸ் 5 சதவீதத்தில் 25 மில்லி. ஏறவில்லையே என்று வேகம் கூட்டினால் காசும் போகும், ருசியும் தெரியாது. எதிர்ப்புறமும் உண்டு: பலகையில் எழுதியிருக்கும் பட்டியலில் ஒன்றிரண்டு 7, 8 சதவீதத்தில் ஒளிந்திருக்கும். பெயரைப் பார்க்கும்போது எண்ணையும் பாருங்கள்.

உள்ளே பெரிய பெரிய எஃகுத் தொட்டிகள் தெரியும். அதில் நடப்பது நமக்குத் தெரியாத வித்தையில்லை. கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து மாவாக்குகிறோமே, அதே மாதிரி பார்லியை முளைகட்டி, காயவைத்து, உடைத்து, வெந்நீரில் ஊறப்போட்டால் இனிப்பு இறங்கும். அந்தத் தண்ணீரை ஹாப்ஸ் என்ற கொடியின் பூவோடு கொதிக்கவிட்டால் கசப்பும் வாசமும் சேரும். ஆறவிட்டு ஈஸ்ட் போட்டால், அது இனிப்பைத் தின்று ஆல்கஹாலாகவும் காற்றுக்குமிழாகவும் மாற்றும். 20 டிகிரி பக்கத்தில் வேகமாகப் புளிக்கவிட்டால் ஏல். 10 டிகிரி பக்கத்தில் மெதுவாக, வாரக்கணக்கில் விட்டால் லாகர். நாம் பாட்டிலில் குடிப்பது பெரும்பாலும் லாகர்.

முதலில் முழு கிளாஸ் சொல்லாதீர்கள். சாம்ப்ளர் கேளுங்கள். சின்னச் சின்ன கிளாஸில் நாலைந்து வகை, ஒரு பலகையில் வரிசையாக வரும். எங்கள் ஆறு பேருக்கு இரண்டு பலகை போதுமானதாக இருந்தது. வெளிர் நிறத்திலிருந்து கருப்பை நோக்கிப் போங்கள். கசப்பு அதிகமானதை முதலிலேயே குடித்துவிட்டால் மற்றது எல்லாம் தண்ணீராகத் தோன்றும்.

வீட்பியர் என்றால் கோதுமை பீர். அதில் ஜெர்மன் வகை ஹெஃபவைசன் கலங்கலாக இருக்கும், வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டையும் யாரும் போடவில்லை, ஈஸ்ட் செய்யும் வேலை அது. புதியவர்களில் பத்தில் ஏழு பேர் இதில்தான் விழுகிறார்கள் என்பது என் கணக்கு, எழுதி வைத்ததல்ல. பெல்ஜியத்து விட் வகையில் ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் போடுவார்கள். ஆமாம், ரசத்துக்கு அரைக்கும் அதே தனியா. டாயிட்டில் பாஸ்மதி அரிசி போட்டு ஒன்று காய்ச்சுகிறார்கள், தொண்டையில் மென்மையாக இறங்கும். ஆம்பூர்க்காரர் எவராவது சீரகச் சம்பா போட்டு ஒன்று காய்ச்சச் சொல்லிப் பார்க்கலாம்.

ஐ.பி.ஏ., அதாவது இந்தியா பேல் ஏல், கசக்கும். பாகற்காய் வறுவல் பிடிக்கிறவர்களுக்குப் பிடிக்கும், பிடிக்காதவர்கள் முகம் கோணும். ஸ்டவுட் கன்னங்கரேல் என்று இருக்கும். வறுத்த பார்லியால் சர்க்கரை போடாத டிக்காஷன் ருசி. பார்ப்பதற்குத்தான் பயமாக இருக்கும், பலத்தில் சாதுவாகவும் இருக்கலாம். சைடர் என்பது பீரே இல்லை, ஆப்பிள் சாறு புளித்தது.

புளிப்பு பீர் என்றும் ஒரு வகை உண்டு. பரிமாறியவர் மிகப் பெருமையாகக் கொண்டுவந்து வைத்தார். பிறந்தநாள்காரன் ஒரு வாய் வைத்துவிட்டு, "இன்னாடா இது, ஆடி மாசக் கூழு மாரி புளிக்குது?" என்றான். அவன் சொன்னது தப்பே இல்லை. இரண்டிலும் புளிப்பைத் தருவது லாக்டிக் அமிலம். இரண்டாவது வாய் வைத்த பிறகு, வெங்காயமும் கருவாடும் இருந்தால் முழு கிளாஸும் குடிப்பேன் என்றான். கருவாடு பட்டியலில் இல்லை.

கலங்கலாக இருந்தால் கெட்டுப்போய்விட்டது என்று சண்டை போடாதீர்கள், வடிகட்டாத பீர் அப்படித்தான். மேலே இரண்டு விரல் நுரை விட்டால் அளவில் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்காதீர்கள், வாசம் அந்த நுரையிலிருந்துதான் மூக்குக்கு வருகிறது. ஐஸ் கேட்காதீர்கள். ஒரு கிளாஸுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். குடிக்காத ஆளுக்கு எலுமிச்சை சோடா சொல்லிவிட்டு, தொட்டிகளைச் சுற்றிக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். கூட்டம் இல்லாத நேரமாக இருந்தால் பெரும்பாலும் சரி என்பார்கள். எங்களில் அந்தத் தொட்டிகளை அதிகம் ரசித்தவர் மாத்திரைக்காரர்தான். தோல் பதனிடும் தொழிற்சாலையில் பத்து வருஷம் தொட்டி பார்த்தவர், அளவு, வெப்பம், கழிவுநீர் என்று கேள்வியாகக் கேட்டுத் தள்ளினார்.

திரும்பும் வழி

இதை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

பாட்டில் எதுவும் கொண்டுவராதீர்கள். வெளிமாநில மதுவை அனுமதியில்லாமல் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம். பாண்டியிலிருந்து வந்தாலும் அதேதான், அங்கே சோதனை இன்னும் கெடுபிடி. தவிர, இந்த பீர் இரண்டு நாள் தாங்காது. அதன் பெருமையே அங்கேயே குடிப்பதில்தான் இருக்கிறது.

ரயிலில் குடிக்காதீர்கள், குடித்துவிட்டுக் கலாட்டாவும் வேண்டாம். ரயில்வே சட்டம் 145ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை ஜெயில் இருக்கிறது. ஏழு மணிக்குக் கடைசி கிளாஸ், எட்டரைக்குள் சாப்பாடு, அப்புறம் மெட்ரோ. இந்திரா நகரிலிருந்து அதே ஊதாப் பாதை சிட்டி ஸ்டேஷன் வரை நேராகப் போகிறது. இரவு பத்தரை, பதினொன்று வாக்கில் பெங்களூரு மெயில் கிளம்பும். நேரத்தை அன்றைக்கு ஒருமுறை சரிபாருங்கள்.

இந்த வண்டியில் ஒரு ஆபத்து உண்டு. காட்பாடி வருவது பின்னிரவு இரண்டு மணிக்கு மேல். வயிறு நிறைந்து, பீரும் உள்ளே போய், படுக்கையும் கிடைத்தால் கண் திறக்கும்போது அரக்கோணம் தாண்டியிருக்கும். ஆறு பேரும் அலாரம் வைத்தோம். ஐந்து அலாரம் அடித்து ஐந்து பேரும் அணைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறோம். எழுப்பியது குடிக்காத ஆறாவது ஆள். ஜோலார்பேட்டை தாண்டியதுமே ஒவ்வொருவர் காலாகப் பிடித்து உலுக்கி உட்காரவைத்தார்.

இரவு தங்க முடிகிறவர்கள் தங்கிவிட்டுக் காலை வண்டியில் வரலாம், அது இன்னும் நிம்மதி. ஆனால் சனிக்கிழமை அறை வாடகை பீர் பில்லைத் தாண்டும்.

போகவே முடியாவிட்டால்

அதுவும் நடக்கும். தட்கல் கிடைக்காது, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியிருக்காது. அப்போது ஊரிலேயே ஒரு நல்ல ஓட்டல் பாரில் மேசை போட்டு, மூன்று நாலு வகை பாட்டில் வாங்கி, பெயர் தெரியாமல் கிளாஸில் ஊற்றி, எது எதென்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வாழ்நாள் முழுக்க ஒரே பிராண்டுக்காகச் சண்டை போட்டவர் அதையே "இது மட்டமான சரக்கு" என்று ஒதுக்குவதைப் பார்ப்பதற்கு ஈடான பிறந்தநாள் பரிசு கிடையாது.

எங்கள் ஊர்க் கிழவர்களிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். மரத்திலிருந்து இறக்கி அன்றைக்கே குடித்த கள்தான் இந்த மண்ணின் கிராஃப்ட் என்பார்கள். மதுவிலக்கு 1937இல் சேலத்தில் தொடங்கி 1939இல் வட ஆற்காட்டுக்கு வந்தது; பிறகு போய்ப் போய் வந்தது. கள்ளுக்கு மட்டும் 1987 முதல் தமிழ்நாட்டில் ஒரேயடியாகத் தடை. பெங்களூருவுக்கு ரயில் ஏறும் ஒவ்வொரு முறையும் ஜன்னலில் பனைமரங்கள் வரிசையாக ஓடுவதைப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரும்.

அன்றைக்குக் காட்பாடியில் இறங்கியபோது இரண்டே முக்கால். ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடை திறந்திருந்தது. மக்கன்பேடா பெட்டியில் இரண்டு மிச்சம் இருந்தது, பிறந்தநாள்காரன் ஒன்றை டீயில் தொட்டுச் சாப்பிட்டான். மற்றொன்றை மாத்திரைக்காரருக்குக் கொடுத்தோம். அவருக்குச் சர்க்கரை, அதையும் வேண்டாம் என்றுவிட்டார்.